ஷோனாகாட் மூடப்படும் ஆண்டு

தமயந்தி என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவளுடைய அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. கரக்பூரிலிருந்து வரும்போதெல்லாம் "ஆபீஸ்ல அப்படி என்னதான்டி பண்றே?" என்று கேட்பாள். "இன்னும் எரிக்காத நிலக்கரியில இருந்து எவ்வளவு புகை வரும்னு கணக்குப் போடறேன்மா" என்பாள் மகள். "எரிச்ச கரிக்கே இந்த ஊர்ல கணக்கு கிடையாது. எரிக்காத கரிக்குக் கணக்குப் போடச் சொல்லிச் சம்பளம் வேற குடுக்கறானா?" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரித்தவரைக்கும் லாபம். இந்தக் கதை முடியும்போது யாருக்கும் சிரிப்பு வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கல்கத்தாவில் பாலிகஞ்ச் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய பெரிய வீட்டின் மாடியில் இருந்தது அவளுடைய ஆராய்ச்சி நிறுவனம். பூமி சூடாகிறது, அதற்கு நாடுகள் விடும் புகைதான் காரணம் என்று உலகம் ஒருவழியாக ஒப்புக்கொண்ட பிறகு, ஒவ்வொரு நாடும் தன் புகைக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. விட்ட புகைக்கு மட்டுமல்ல, இனி விடப்போகிற புகைக்கும் மதிப்பீடு போடத் தொடங்கினார்கள். ஜனம் எவ்வளவு பெருகும், எத்தனை வீட்டில் ஃபிரிட்ஜ் வரும், எத்தனை ஆலை எழும், அதற்கெல்லாம் எவ்வளவு மின்சாரம் வேண்டும், அந்த மின்சாரத்துக்கு எவ்வளவு நிலக்கரி, அந்த நிலக்கரியிலிருந்து எவ்வளவு கரியமில வாயு என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் பெருக்கிக்கொண்டே போனால், இருபது வருஷம் கழித்து வரப்போகிற புகை காகிதத்தில் ஒரு கோடாக ஏறி நிற்கும். எதுவும் செய்யாமல் இருந்தால் ஏறுகிற கோடு ஒன்று. பழைய மின் நிலையங்களை மூடி, குறைந்த கரியில் அதே மின்சாரம் தருகிற புதியவற்றைக் கட்டினால் வருகிற கோடு இன்னொன்று, முன்னதற்குக் கொஞ்சம் கீழே. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் காட்டித்தான் மகாநாடுகளில் கைதட்டல் வாங்குவார்கள்.

தமயந்தி கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பணிமனையில் ஃபிட்டர். வீட்டுக்குள்ளே வேலூர்ப் பக்கத்துத் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, வங்காளம், இந்தி என்று எது வாயில் வருகிறதோ அது. கணக்கில் கெட்டி என்று கல்கத்தாவுக்கு அனுப்பிப் புள்ளியியல் படிக்கவைத்தார்கள். படிப்பு முடிந்த கையோடு உத்தமனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனும் ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளைதான். ஷோனாகாட் மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். பெஹாலாவில் இரண்டு அறை வாடகை வீடு, ஒரே மகள் கவிதா. அக்கம்பக்கத்து வங்காளிகள் அவளைத் 'தமயந்தி பௌதி', அதாவது அண்ணி, என்பார்கள். ஒரு குறையும் இல்லை, ஷோனாகாட்டைத் தவிர.

ஷோனாகாட் ஆற்றங்கரையில் ஐம்பத்தெட்டாம் வருஷம் கட்டிய நிலையம். பாய்லருக்குள்ளே நெருப்பைச் சுற்றிச் சுவர் முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள் நிற்கும். நிலக்கரிச் சாம்பல் பறந்து பறந்து மோதி அந்தக் குழாய்களை அரித்துக்கொண்டே இருக்கும். அரித்த இடத்தில் ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும், கொதிநீராவி சீறும். நிறுத்தி, வெல்டு வைத்து, மறுபடி மூட்டுவார்கள். மூன்றாம் பாய்லரில் வெல்டு வைக்காத குழாய் எது என்று தேடவேண்டும். உத்தமன் வேலை பார்த்தது அந்த மூன்றாம் பாய்லரில். ஒரு முறை முழங்கையில் கொப்புளத்தோடு வந்தான். இன்னொரு முறை ஒரு பக்கப் புருவம் இல்லாமல் வந்தான். "மயிர்தானே, முளைச்சிடும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். தமயந்தி சிரிக்கவில்லை. கொல்லைக் கொடியில் கரி படிந்த சட்டையை உலர்த்தும்போதெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்புத்தான்: இந்த மனுஷனை அந்த இடத்திலிருந்து எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். நிலையம் மூடினால் ஆட்களைப் புது நிலையத்துக்கு மாற்றுவார்கள். மூடாமல் மாற்றம் கேட்டால் கிடைக்காது, அவன் கேட்கவும் மாட்டான்.

இரண்டாயிரத்து ஒன்றில் மழைக்காலத்தில் டெல்லியிலிருந்து அந்த வேலை வந்தது. ஐக்கிய நாடுகளுக்குத் தேசம் ஓர் அறிக்கை தரவேண்டும், அதற்காகப் பல ஊர்களில் பல பேர் பின்னணி ஆய்வுகள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கு மாநிலங்களின் நிலக்கரி மின்சாரம் இவர்கள் தலையில் விழுந்தது. நிறுவனத்தின் தலைவர் லக்ஷ்மிநாராயணன். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிற குடும்பம், வங்காளிகளுக்கே வங்காளத்தில் பிழை திருத்துவார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்து வைக்கிற காரியங்களை என்ன சொல்வது!

எந்த நிலையம் எந்த வருஷம் மூடப்படும் என்பது அந்தக் கணக்குக்கு முக்கியம். மின் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். மற்றவர்கள் ஏதோ ஒரு பதில் போட்டார்கள். ஷோனாகாட் கம்பெனி மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது.

"பதில் வரலேன்னா என்ன சார் பண்றது?" என்று கேட்டாள் தமயந்தி.

"நாமளே போட்டுக்க வேண்டியதுதான். கட்டி அம்பது வருஷம் ஆனா ரிடையர்னு வெச்சுக்கோ. எல்லாருமே அப்படித்தான் பண்றா" என்றார் அவர்.

ஐம்பத்தெட்டோடு ஐம்பதைக் கூட்டினால் 2008. இதைக் கூட்ட அவளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. ஆனால் கட்டத்தில் அவள் 2008 என்று அடிக்கவில்லை. 2004 என்று அடித்தாள். அடித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நிற்பவள் மாதிரி ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைப் பொய் என்று சொல்வதா? யாரும் பார்க்காத இடத்தில் அவள் ஒரு வேண்டுதல் வைத்தாள், அவ்வளவுதான். ஆனால் வேண்டுதலுக்கு உரிய இடம் கோயில். அட்டவணையில் வைத்தால் அது எண்ணாகிவிடும், எண்ணை நாலு பேர் நம்புவார்கள்.

லக்ஷ்மிநாராயணன் கவனிக்காமல் இல்லை. "ஷோனாகாட்டுக்கு மட்டும் ஏன்மா நாலு வருஷம் முன்னாடியே போட்டிருக்கே?"

அவள் அப்போது தோன்றியதைச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் அங்கதான் சார் வேலை பார்க்கறார். பாய்லர் ரொம்ப மோசமா இருக்குன்னு சொல்லிட்டே இருப்பார். அதிக நாள் தாங்காது சார்."

அவர் முகம் மலர்ந்தது. "அட, உள்ள இருக்கறவாளே சொன்னதுன்னா இன்னும் விசேஷமாச்சே!" என்று அடிக்குறிப்பைத் தானே எழுதினார்: 'நிலையத்தினரிடமிருந்து நேரில் பெற்ற தகவல்.' அந்த ஒரு நிலையம் போனதில் கீழ்க்கோடு அழகாக ஒரு சரிவு காட்டியது. அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

அன்று சாயங்காலம் கவிதா டியூஷனுக்குப் போயிருந்தாள். உத்தமனும் அவனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் ராஜ்மோகனும் முறுக்கும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள். தமயந்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்:

"உங்க ப்ளாண்டை ரெண்டாயிரத்து நாலுல மூடறாங்க."

"யார் சொன்னா?" என்றான் உத்தமன்.

"அறிக்கையில இருக்கு. டெல்லிக்குப் போகுது."

"எழுதினவன் எவன்?"

"நான்தான்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கேட்டியாடா ராஜ்மோகன், ஜெனரல் மேனேஜரால முடியல, யூனியனால முடியல, என் பொண்டாட்டி மூடிட்டா!" மறுநாள் கேன்டீன் முழுக்க அதுதான் பேச்சு. வெல்டு வைக்கிறவன்கூட, "உத்தம் அண்ணா, பௌதி எப்ப மூடப்போறாங்க, அதுவரைக்கும் தாங்கற மாதிரி வெச்சாப் போதுமா?" என்று கேட்பானாம். வீட்டுக்கு வந்து உத்தமன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தமயந்திக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. புது நிலையத்துக்குப் பக்கத்தில் கவிதாவுக்கு எந்தப் பள்ளிக்கூடம் சரிப்படும் என்றுகூட விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அலிப்பூரில் ஒரு அரங்கில் ஆய்வை வெளியிட்டார்கள். பூங்கொத்து, சமோசா மாதிரி சிங்காடா, மிஷ்டி என்கிற இனிப்பு எல்லாம் உண்டு. ஷோனாகாட் கம்பெனியின் திட்டப் பிரிவிலிருந்து ஹல்தார் என்ற அதிகாரி வந்து, ஒரு பிரதியைக் கையில் இடுக்கிக்கொண்டு போனார். கடிதத்துக்குப் பதில் போடாத கம்பெனி, அறிக்கையை மட்டும் அக்கறையாக வாங்கிக்கொண்டது.

2003 கோடையில் உத்தமன் ஒரு நாள் சாப்பிடாமல் தட்டைத் தள்ளினான்.

"மூணாவது பாய்லருக்கு மொத்த ட்யூபும் மாத்தணும்னு எங்க இன்ஜினியர் எழுதிக் கேட்டிருந்தார். இல்லைன்னுட்டாங்க."

"ஏனாம்?"

"அடுத்த வருஷம் மூடப்போற ப்ளாண்டுக்கு எதுக்குச் செலவுன்னு. கம்பெனி பிளான்லயே போட்டுட்டாங்களாம். நேஷனல் ரிப்போர்ட்டே சொல்லுதாம்." அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வேடிக்கையும் இல்லை. "உன் ரிப்போர்ட்டுதான், தமயந்தி."

அவள் அந்தத் தட்டை அப்படியே எடுத்து மூடிவைத்தாள். மறுநாள் ஆபீஸிலிருந்து ஹல்தாருக்குப் போன் போட்டாள். பேச்சு வங்காளத்தில் நடந்தது. 2004 என்று போட்டது வெறும் அனுமானம், கம்பெனி பதில் தராததால் போட்டது, அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

ஹல்தார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அனுமானம் என்று எங்கே மேடம் போட்டிருக்கிறீர்கள்? நிலையத்தினரிடமிருந்து நேரில் பெற்ற தகவல் என்றல்லவா இருக்கிறது? எங்கள் நிர்வாகத்தில் யாரோ விஷயம் தெரிந்தவர்தான் சொல்லியிருக்கவேண்டும் என்று எங்கள் டைரக்டரே நினைக்கிறார். யார் சொன்னது என்று தெரிந்தால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்."

தமயந்தி வாயைத் திறந்தாள். என் கணவர், மூன்றாம் பாய்லர் ஆபரேட்டர் என்று சொன்னால் அவன் வேலை என்ன ஆகும்? உள் விஷயத்தை வெளியே சொன்னவன் என்று ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். "ஞாபகமில்லை" என்று சொல்லி ரிசீவரை வைத்தாள். அன்று அவன் பெயரைச் சொல்லி அவன் வேலையைப் போக்கியிருக்கலாமே என்று பின்னால் அவள் அழுத அழுகையைப் பெஹாலா வீட்டுச் சுவர்கள் மட்டுமே அறியும்.

அடுத்து லக்ஷ்மிநாராயணனிடம் போனாள். திருத்தம் போடவேண்டும் என்றாள்.

"எதுக்குமா திருத்தம்? இப்போ கம்பெனி பிளான்லயே 2004ன்னு வந்துடுத்தே. நம்ம நம்பர் சரியாயிடுத்து!" என்றார் அவர். குரலில் களங்கமே இல்லை. "முன்ன அடிக்குறிப்பு கொஞ்சம் வீக்கா இருந்தது. இனிமே 'ஆதாரம்: கம்பெனியின் ஐந்தாண்டுத் திட்டம்'னு போட்டுடலாம்."

அவர்களைப் பார்த்து இவர்கள், இவர்களைப் பார்த்து அவர்கள்! நடுவில் ஷோனாகாட்டில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. மூன்றாம் பாய்லர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் தன் பெயரிலேயே கம்பெனிக்கு எழுதினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. உத்தமனிடம் மன்றாடினாள். லீவு போடுங்க, உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க, விட்டுட்டு வந்துடுங்க, என் சம்பளத்துல ஓட்டிக்கலாம் என்றாள்.

"இன்னும் ஒரு வருஷம்தானேடி. நீதானே தேதி குறிச்சிருக்கே" என்று அவள் தலையைத் தட்டினான்.

2004 வந்தது. நிலையம் மூடவில்லை. எப்படி மூடும்? ஊரெங்கும் புதிது புதிதாகக் கடைத்தொகுதிகள், வீட்டுக்கு வீடு ஏசி. கோடைக்குக் கரண்ட் வேண்டும், கோடை முடியட்டும் என்றார்கள். பிறகு துர்க்கை பூஜைக்கு வேண்டும், பூஜை முடியட்டும் என்றார்கள். மூடப்போகிற நிலையம் என்பதால் பழுது பார்க்கப் பணம் இல்லை. கரண்ட் வேண்டும் என்பதால் மூடவும் இல்லை. காகிதத்தில் அந்த வருஷம் ஷோனாகாட்டின் புகை பூஜ்யம். ஆற்றங்கரையில் அது எப்போதும்போல வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது.

அஷ்டமி அன்று சாயங்காலம் தமயந்தியும் கவிதாவும் பெஹாலாவில் ஒரு பந்தலுக்கு வெளியே வரிசையில் நின்றிருந்தார்கள். தெரு முழுக்க விளக்குத் தோரணம். திடீரென்று எல்லாம் ஒரு முறை மங்கி அணைந்தது. கூட்டம் "ஜாஹ்!" என்று கூச்சல் போட்டது. கொஞ்ச நேரத்தில் வேறு எங்கிருந்தோ மின்சாரம் திருப்பிவிட்டார்கள் போலிருக்கிறது, விளக்குகள் எரிந்தன, எல்லோரும் கைதட்டினார்கள். கவிதாவும் தட்டினாள். தமயந்தி தட்டவில்லை. மகளின் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தாள்.

"மா, கீ ஹொலோ, என்ன ஆச்சு? இன்னும் துர்க்கையையே பார்க்கலியே!"

"வீட்டுக்குப் போலாம்."

வீட்டு வாசலில் ராஜ்மோகன் நின்றிருந்தான். தலைமயிர் கருகி, சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் பாய்லரில் ஒரே நேரத்தில் பல குழாய்கள் பிய்த்துக்கொண்டு, உள்ளே நெருப்பைப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் சின்னக் கதவைத் தள்ளித் திறந்து நீராவி வெளியே அடித்திருக்கிறது. கதவுக்கு நேரே நின்றவன் உத்தமன்.

மருத்துவமனையில் விஜயதசமி வரை இருந்தான். தாரை தப்பட்டையோடு துர்க்கையை ஆற்றுக்குக் கொண்டுபோகிற சத்தம் வார்டு ஜன்னலில் கேட்டுக்கொண்டிருந்தபோது போனான். பேச முடியாத வாயில் கடைசியாக ஏதோ சொல்ல வந்தான். என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. அவன் சிரிக்க முயன்றான் என்று அவள் பல நாள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது இன்னும் கொடுமையாக இருந்ததால் பிறகு விட்டுவிட்டாள்.

விசாரணை நடந்தது. 'ஓய்வுபெறும் ஆண்டை எட்டிவிட்ட கருவி' என்பது காரணம் என்று எழுதினார்கள். அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேன்டீனில் அந்தப் பழைய வேடிக்கையை அதற்குப் பிறகு ஒருவரும் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கு வந்த ராஜ்மோகன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அவன் ஏன் வரவில்லை என்று கவிதா கேட்டபோது, "அவங்களுக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க" என்றாள் தமயந்தி. மகளிடம் அவள் எதையும் சொல்லவில்லை. உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் தெரியட்டும், கவிதாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று இருந்தாள்.

டெல்லியில் அறிக்கை புத்தகமாக வெளிவந்தபோது அவள் புரட்டிப் பார்த்தாள். ஷோனாகாட் என்ற பெயரே அதில் இல்லை. அவர்கள் எழுதி அனுப்பியது எல்லாம் கரைந்து எங்கேயோ ஒரு வரியாகப் போயிருக்கலாம், அந்த ஒரு வரியாகக்கூடப் போகாமலும் இருந்திருக்கலாம். அதற்காகத்தான் இத்தனையும்.

2008இல் அடுத்த அறிக்கைக்கான வேலை வந்தது. லக்ஷ்மிநாராயணன் ஓய்வு பெற்றுப் போயிருந்தார், அவர் நாற்காலியில் ஸ்னேகா என்ற சின்ன வயதுப் பெண் இருந்தாள். மறுபடியும் அதே அட்டவணை, அதே கேள்வி: ஷோனாகாட் மூடப்படும் ஆண்டு எது? 2004ஆம் வருஷத்துக்கு எதிரே முன்பு போட்டிருந்த பூஜ்யத்தை அழித்து, உண்மையில் எரிந்த நிலக்கரியின் புகையைத் தமயந்திதான் நிரப்பவேண்டியிருந்தது. நிரப்பினாள். கம்பெனிக்குப் போன் போட்டாள். அதே ஹல்தார்.

"நீங்கள் என்ன போடுகிறீர்களோ அதையே நாங்களும் வைத்துக்கொள்கிறோம் மேடம்" என்றார்.

தமயந்தி போனை வைத்தாள். இந்த முறை அவள் வேண்டுதல் வைக்கவில்லை. கட்டத்தில் 'மூடப்படாது' என்று அடித்தாள்.

ஸ்னேகா ஓடிவந்தாள். "ஆன்ட்டி, அம்பது வருஷம் ஆயிடுச்சே! மூடாதுன்னு போட்டா ரெண்டாவது லைன் மேல போயிடும். இருபது வருஷப் புகை. பார்க்கவே அசிங்கமா இருக்கும்."

"அசிங்கமாவே இருக்கட்டும்" என்றாள் தமயந்தி. அவள் போட்டதை மாற்றும் தைரியம் ஸ்னேகாவுக்கு இல்லை.

அடுத்த ஆண்டு, பூஜைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜ்மோகன் வந்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு. தலை நரைத்திருந்தது. முன் அறை நாற்காலியில் விளிம்பில் உட்கார்ந்தான். கவிதா டீ போட உள்ளே போனாள்.

"அக்கா, மூணாவது பாய்லருக்குப் புது ட்யூப் வந்துடுச்சு. மொத்தமா மாத்தறாங்க. ப்ளாண்ட் இனிமே மூடாதாம், அதனால பணம் ஒதுக்கிட்டாங்களாம். உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"இருபது வருஷத்துக்குப் பயமில்லை."

இருபது வருஷக் கரி, இருபது வருஷப் புகை. பழக்கதோஷத்தில் மனசு தானாகப் பெருக்கிப் பார்த்தது. அதைத்தான் அவள் வானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். வேறு எப்படி எழுதினாலும் அந்தக் கதவுக்கு நேரே இன்னொருவன் நின்றிருப்பான்.

"மூடாதுன்னு நான்தான் எழுதினேன், ராஜ்மோகன்."

அவன் தலையாட்டினான். "தெரியும்க்கா" என்றான். "மூடும்னு எழுதினதும் நீங்கதானே."

அவன் குத்திக் காட்டச் சொல்லவில்லை. மனசில் கிடந்தது, வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் சமையலறை வாசலைப் பார்த்தான். கவிதா டீத்தட்டோடு நின்றிருந்தாள். தட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"எந்த வருஷம் மூடும்னு எழுதியிருந்தே, மா?"

எத்தனையோ வருஷங்களுக்கு எத்தனையோ எண்களைப் போட்டவள், அந்த ஒரு கேள்விக்கு வேறு ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம்.

"ரெண்டாயிரத்து நாலு" என்றாள் தமயந்தி.